ரூல் பதினேழு

அண்ணாச்சியிடம் எதற்கும் ஒரு ரூல் இருக்கும். ரூலுக்கு ஒரு நம்பர் இருக்கும். நம்பருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ‘பி’ இருக்கும்.

ஒருமுறை பிரம்பு அறுந்த நாற்காலி ஒன்றைப் பின்னக் கொடுப்பதற்காக நானும் அவரும் ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். நாற்காலிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர். அண்ணாச்சி நாற்காலியைப் பஸ்ஸின் நடுவில் போட்டார். ஓட்டைக்குள் விழுந்துவிடாமல் விளிம்பில் பதனமாக உட்கார்ந்தார்.

“ஆள் உக்காந்திருந்தா அது லக்கேஜ் இல்ல தம்பி, சீட்டு. ரூல் இருபத்தாறு பி. டிப்போவுல கேட்டுப் பாருங்க.”

கண்டக்டர் அவரையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். விசில் வாயிலேயே இருந்தது. அவர் யோசித்து முடிப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. நாங்கள் இறங்கும்போது, “அப்ப இருபத்தாறு ஏ என்னண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

“அது மாட்டுக்கு,” என்றார் அண்ணாச்சி.

அவர் ஒரு நூல் மில்லின் கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொண்டவர். சமைப்பார், படுக்கை விரிப்பார், வருகிற விருந்தாளிகளிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவார். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இரண்டும் எழுதாது. கண்ணாடி போட்டிருப்பார், ஆனால் அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். ரூல் சொல்வதற்கு முன்னால் இடது காது மடலைப் பிடித்து லேசாக இழுப்பார். மணியின் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கிற மாதிரி, காதை இழுத்தால் ரூல் வரும்.

நான் அதே மில்லில் ரிங் பிரேம் என்கிற நூற்பு மெஷினில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை பார்த்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் குறைவு. மில்லில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் சில பேர்தான். மற்றவர்களுக்கு நான் ‘எட்டாம் நம்பர் பிரேம்’. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. பிரேம் என்றால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெஸ்ட் ஹவுஸில் குழாய் ஒழுகுகிறது என்று என்னை வரச்சொன்னார். போனேன். குழாய் ஒழுகவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய அட்டை விரித்திருந்தது. சுற்றி நாலு நாற்காலி. இரண்டில் ஆள் இருந்தது.

“ஏலே, நீ பேச மாட்டியாமே?”

தலையை ஆட்டினேன்.

“நல்லதாப் போச்சு. உக்காரு. நாலாவது ஆள் பேசக் கூடாது. ரூல் ரெண்டு.”

அப்படித்தான் நான் ரயில் கம்பெனி முதலாளி ஆனேன்.

அந்த ஆட்டம் வந்த கதை இது. மில்லுக்குப் புது மெஷின் இறக்க நாலு வெள்ளைக்காரர்கள் வந்து கெஸ்ட் ஹவுஸில் ஆறு மாதம் தங்கினார்கள். விடுமுறை நாளில் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து இதை ஆடினார்களாம். அண்ணாச்சி டீ கொடுக்கிற சாக்கில் பின்னால் நின்று ஆறு மாதமும் பார்த்தார். ஊருக்குப் போகும்போது பெட்டியில் இடமில்லை என்று அவரிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கூடவே இங்கிலீஷில் தடியாக ஒரு ரூல் புத்தகம்.

ஆட்டம் இவ்வளவுதான். ரயில் கம்பெனிகள் இருக்கும். அவற்றின் ஷேர்களை நாம் வாங்கலாம், விற்கலாம். ஒரு கம்பெனியில் யாரிடம் அதிக ஷேர் இருக்கிறதோ அவர் அதன் தலைவர். தலைவர் கம்பெனிப் பணத்தில் ஆறு மூலை அட்டைகளை வைத்துத் தண்டவாளம் போட வேண்டும், ரயில் வாங்க வேண்டும், ஓட்டிச் சம்பாதிக்க வேண்டும். எவனாவது புது மாதிரி ரயில் வாங்கிவிட்டால் மற்றவர்களுடைய பழைய ரயிலெல்லாம் காயலாங்கடைக்குப் போய்விடும். ரயில் இல்லாத கம்பெனிக்குத் தலைவர் தன் சொந்தக் காசைப் போட்டு ரயில் வாங்கித் தர வேண்டும். காசு இல்லையென்றால் அவர் திவால். எழுதும்போது எளிதாக இருக்கிறது. விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

அட்டையில் இருந்த ஊர்களெல்லாம் வாயில் நுழையாதவை. அண்ணாச்சி காலண்டர் தாளை வெட்டி எங்கள் ஊர்ப் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தார். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், தென்காசி. தளவாய்புரத்துக்கு நிஜத்தில் ரயிலே கிடையாது; அட்டையில் அது ஜங்ஷன். ஏன் என்று கேட்டால், அங்கே தன் அக்கா வீடு இருக்கிறது, அக்காவுக்கு முட்டி வலி, பஸ்ஸுக்கு நடக்க முடியாது என்றார்.

மற்ற இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பெயிண்ட் கடை முதலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் எங்களிடமும் தெலுங்கு பேசுவார். இன்னொருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சர்ச்சில் மணி அடித்து, பெஞ்சு துடைத்து, விளக்குப் போடுகிறவர். அந்த வேலைக்குக் கோயில்பிள்ளை என்று பெயர். நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். காலை ஆராதனை முடிந்து பஸ் பிடித்துப் பதினோரு மணிக்கு வருவார். எழுதியிருக்கிறது என்று சொன்னால் எதையும் நம்புவார்.

பெயிண்ட் கடை முதலாளிக்குச் சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். அங்கும் ரயில் கிடையாது. அட்டையில் அண்ணாச்சி அவருக்காக அந்தப் பெயரை ஒட்டிக் கொடுத்திருந்தார். ஆனால் ஒட்டிய இடத்துக்கு முன்னால் மூன்று கட்டத்துக்கு மலை. மகாராஜபுரம் போகிற வழியில் அப்படி மலை கிடையாது. அட்டை வரைந்தவனுடைய ஊரில் இருந்திருக்கும். முதலாளி ஒவ்வொரு வாரமும் மகாராஜபுரத்துக்குத்தான் தண்டவாளம் போடுவார். நாங்கள் எல்லாம் சங்கரன்கோவில், தென்காசி என்று சமதரையில் ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டிருக்கும்போது அவர் மலையைக் குடைந்துகொண்டிருப்பார்.

“முதலாளி, அது அய்யனார் கோவில் மலை. குகை வெட்டுனா ஒரு ரவுண்டு பொங்கல் வைக்கணும். சும்மா உக்காந்திருங்க. ரூல் ஒம்பது,” என்பார் அண்ணாச்சி.

“வெள்ளைக்காரன் புஸ்தகத்துல அய்யனாருக்குப் பொங்கல் வைக்கச் சொல்லியிருக்கா?”

“அவன் அவுக சாமி பேரைப் போட்டிருக்கான். நான் நமக்குத் தக்கன சொல்லுதேன்.”

கோயில்பிள்ளை இதைக் கேட்டுத் தலையை ஆட்டுவார். “எந்த தேசமா இருந்தாலும் மலைன்னா ஒரு காணிக்கை இருக்கத்தானே செய்யும்.”

பணம் கரைந்து, மத்தியானம் ஒரு மணி வாக்கில் முதலாளி திவாலாவார். ஏழு வருஷத்தில் அது தவறியதாக எனக்கு ஞாபகம் இல்லை. முதல் முறை திவாலானபோது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, நான் வாரேன்,” என்று எழுந்தார். அண்ணாச்சியின் கை காதுக்குப் போனது.

“எங்க கிளம்புதிய? ரூல் பதினேழு. திவாலானவரு ஸ்டேஷன் மாஸ்டர். நாலு ரவுண்டுக்கு ரயில் வாரதை அறிவிக்கணும், ஸ்டேஷன்ல டீ போடணும். அஞ்சாவது ரவுண்டுல ஒரு பழைய ரயில் தருவாக. அதை வச்சுத் திரும்ப ஆட்டத்துக்கு வரலாம்.”

“நான் டீ போடணுமா? ஏமய்யா இதி? எங் கடையில டீ வாங்கியார ஆளு இருக்கு!”

“அங்க நீங்க முதலாளி. இங்க ரயில்வே சர்வென்ட்டு.”

முதலாளி டீ போட்டார். நல்ல டீ. பித்தளைச் சட்டியில் டிகாஷன் கொதிக்கும்போது அடுப்படியிலிருந்தே, “பயணிகள் கவனத்திற்கு, சங்கரன்கோவில் வண்டி வந்து தொலைஞ்சிருச்சு,” என்று கத்துவார். அதற்குள் ஆட்டம் சூடாகி, பழைய ரயிலோடு அவர் திரும்பி வந்து, மறுபடி மலையைக் குடைந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு முறை திவாலாவார். போகும்போது படியில் நின்று, “அந்தப் பதினேழாம் ரூல எழுதுனவன் கையில கிடைச்சான்னா…” என்பார். மிச்சத்தைத் தெலுங்கில் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். மேஜை நிறையக் காகிதப் பணம். நாலு பேர். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி பணத்தின் மேல் துண்டைப் போட்டார். அதைப் பார்த்தால் சூதாட்டம் இல்லாததும் சூதாட்டம் என்றாகிவிடும்.

அண்ணாச்சி எழுந்து துண்டை எடுத்து முதலாளியிடமே கொடுத்தார்.

“தேக்கு மேஜை சார். வாரத்துக்கு ஒரு வாட்டி நாலு பக்கமும் ஆள் உக்காந்து கை வைக்கணும். இல்லன்னா மரம் வெடிச்சிரும். கெஸ்ட் ஹவுஸ் ரூல் பதினொண்ணு. வெள்ளைக்காரன் சொல்லிட்டுப் போனது.”

மேனேஜர் மேஜையைத் தட்டிப் பார்த்தார். “ஆபீஸ் மேஜைக்கும் இது உண்டா?” என்று கேட்டார்.

“அது பலா மரம் சார். அதுக்கு ரெண்டு பேரு போதும்.”

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறுகளில் இரண்டு வாட்ச்மேன்கள் மேனேஜர் அறையில் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருந்ததாக மில்லில் பேச்சு. நான் பார்க்கவில்லை.

எனக்கு ஒருதடவை மெஷினில் கை மாட்டி, சுண்டு விரல் நுனி போய்விட்டது. பெரிய விஷயம் இல்லை. ஒன்பதேமுக்கால் விரலோடு எல்லா வேலையும் செய்யலாம். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தேன். பார்க்க வருகிற நேரம் முடிந்த பிறகு வந்தார் அண்ணாச்சி. வார்டு வாசலில் ஆயாம்மா மறித்தாள். எனக்கு உள்ளே கேட்டது.

“நேரம் முடிஞ்சு போச்சு. நாளைக்கு வாங்க.”

“ரூல் முப்பத்தொண்ணு பாத்தியளா? பேச்சு வராத நோயாளின்னா, அவனுக்காகப் பேச ஒரு ஆளு கூடவே இருக்கணும்.”

“அந்தத் தம்பிக்குப் பேச்சு வராதா? பாவம், காலையிலருந்து ஊசி போடுதோம், ஒரு வார்த்தை பேசலயே!”

நாலு நாளும் இருந்தார். டாக்டர் வலிக்கிறதா என்று என்னைக் கேட்டால் அவர் பதில் சொன்னார். பெரும்பாலும் சரியாகவே சொன்னார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்துச் சொன்னார். அது சரியில்லை என்று அந்த மனிதர் சத்தம் போட்டார்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். மேஜையில் பேசக் கூடாது என்று ஆகிவிட்டதால், எனக்குக் கேட்கவும் வழியில்லை. மறந்துவிடுமே என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அண்ணாச்சி சொல்லும் ரூலை எல்லாம் நம்பர் போட்டு எழுதிவந்தேன். பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த நோட்டு. பஸ்ஸில் சொன்னது, ஆஸ்பத்திரியில் சொன்னது எல்லாமே அதில் இருந்தன. இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தபோது எனக்கு வேர்த்தது. இருபத்தாறாம் ரூல் பஸ் நாற்காலிக்கும் இருந்தது, பழைய ரயிலை விற்பதற்கும் இருந்தது. ஒன்பதாம் ரூல் மூன்று விதமாக இருந்தது. அய்யனாருக்குப் பொங்கல், தளவாய்புரம் ஜங்ஷனில் எல்லா வண்டியும் நிற்கணும், கோயில்பிள்ளைக்குப் பஸ் தவறிவிட்டால் அவர் வரும்வரை காத்திருந்துதான் ஆடணும்.

நான் தப்பாக எழுதிவிட்டேனோ என்று பயந்துபோய் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, ஒம்பது மூணு தடவை வருது.”

நோட்டை வாங்கி, கண்ணாடி வழியாகவே பார்த்தார். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்ததை நான் கண்டது அன்றுதான். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். வெங்காயத்தினால் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“யாருட்டயும் காமிச்சியா?”

“இல்ல.”

“ஏலே, நான் அந்தப் புஸ்தகத்துல நாலு பக்கம் வாசிச்சேன். அஞ்சாவது பக்கத்துல இங்கிலீஷு கெட்டியாயிருச்சு. கரண்டி இறங்கல. மிச்சத்தை எல்லாம் நானாத்தான் போட்டேன்.”

“பதினேழுமா?”

“அதுவும்தான். வெள்ளைக்காரன்ல ஒருத்தன் திவாலானா நாலு பேரும் எந்திரிச்சுப் படுக்கப் போயிருவானுங்க. ஏன்னு நான் கேட்டதில்ல. நம்ம முதலாளி போயிட்டா மூணு பேரு. மூணு பேரு உக்காந்து ரயில் விட்டா அது ஆட்டமா? எழவு விழுந்த துஷ்டி வீடு.” நோட்டை என்னிடம் நீட்டினார். “இது உன்ட்டயே இருக்கட்டும். சனிக்கிழமை தோறும் வந்து எனக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டு. சொன்னதையே சொல்லணும்லா.”

அன்றிலிருந்து ஐந்து வருஷம், சனிக்கிழமை சாயங்காலம் அவர் சமைக்க, நான் வாசித்தேன். இரட்டை நம்பரை எல்லாம் பிரித்துச் சரிசெய்தோம். சில ரூலைக் கேட்டதும், “அருமையான ரூலுலே! யாரு போட்டது?” என்பார். மொத்தம் நாற்பத்தொன்று தேறியது. மேஜையில் அவர் காதை இழுத்து நம்பர் சொன்னால், நான் குனிந்துகொள்வேன். சிரிப்பு வந்தால் பேச்சு வந்த மாதிரிதான். ரூல் இரண்டு அதற்கும் உண்டு.

இதில் எனக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஆறு நாள் நான் எட்டாம் நம்பர் பிரேம். ஏழாம் நாள் தென்காசி லைன் கம்பெனியின் தலைவர். பெயிண்ட் கடையில் நான் அரை லிட்டர் வார்னிஷ் வாங்கப் போனால் வாசலில்தான் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த முதலாளியே எனக்கு டீ கொண்டுவந்து வைத்து, “தலைவரே, சர்க்கரை போதுமா?” என்று கேட்பார். வேறு எங்கே போனாலும் அது கிடைக்காது.

முதலாளி மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மெட்ராஸில் பேங்க் ஆபீசர். தலை தீபாவளிக்கு வந்தவரை, அடுத்த ஞாயிறு முதலாளி கையோடு கெஸ்ட் ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை பட்டு வேட்டியும் புது மோதிரமுமாக இருந்தார். முதலாளி முகத்தில் தீபாவளி இன்னும் முடியவில்லை. ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அன்றும் மலையைக் குடைந்தார். முக்கால் வழி வந்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு கட்டம், அதைத் தாண்டினால் மகாராஜபுரம். ஒரு மணிக்குத் திவால்.

“ரூல் பதினேழு,” என்றார் அண்ணாச்சி.

“செத்த பொறுங்க.” முதலாளி சட்டையின் கையை மடித்துவிட்டார். “ஏழு வருஷமா டீ போட்டாச்சு. இன்னிக்கு அந்த ரூல எங் கண்ணால பாக்கணும். மாப்ள, பெட்டிக்கு அடியில புஸ்தகம் இருக்கு. எடுத்து வாசிங்க.”

“புஸ்தகத்தை இன்சார்ஜ்தான் தொடணும், ரூல் ஒண்ணு…” என்று அண்ணாச்சி ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளை எடுத்துப் பிரித்துவிட்டார்.

நாங்கள் செய்தித்தாளில் சினிமா விளம்பரம் பார்ப்பது போல அந்தப் பக்கங்களை ஓட்டினார். அண்ணாச்சி தண்ணீர் குடித்தார். இன்னொரு தம்ளர் குடித்தார்.

“பதினேழுன்னு ஒண்ணுமே இல்ல மாமா. ரூலுக்கு நம்பரே போடல.”

“பாத்தியளா! பாத்தியளா!” முதலாளி மேஜையைத் தட்டினார். ரயில்கள் எல்லாம் குதித்தன. “ஸ்டேஷன் மாஸ்டரு?”

“அப்படி ஒரு வார்த்தையே இல்ல.”

“டீ?”

“டீயும் இல்ல.”

“அய்யனாரு?”

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். “யாரு?”

“ஏழு வருஷம்! ஏழு வருஷம் இந்த மனுசன்…” முதலாளிக்கு மூச்சு வாங்கியது. “அப்ப திவாலானா நிஜமா என்ன செய்யணும்னு போட்டிருக்கு? அதை வாசிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

மாப்பிள்ளை விரலை வைத்து ஒரு வரியைத் தேடினார். “யாராவது ஒருத்தர் திவாலாயிட்டா, அந்த நிமிஷமே ஆட்டம் முடிஞ்சிருச்சு. மத்தவங்க கையில இருக்கிறதைப் பார்த்து யார் ஜெயிச்சாங்கன்னு முடிவு பண்ணணும். அவ்வளவுதான்.”

“பொறவு?”

“பொறவு என்ன மாமா? எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று பத்து. முதலாளி நின்றபடியே அட்டையைப் பார்த்தார். மகாராஜபுரத்துக்கு ஒரு கட்டம் முன்னால் அவருடைய தண்டவாளம் நின்றுகொண்டிருந்தது. புத்தகத்தின்படி பார்த்தால், ஏழு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மணிக்கே முடிந்துபோயிருக்க வேண்டும். முடித்துவைத்தவராக அவர்தான் இருந்திருப்பார். அது அவருக்கும் அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. தட்டிய கையை மேஜையிலிருந்து மெதுவாக எடுத்தார்.

கோயில்பிள்ளைதான் முதலில் பேசினார். “எழுதாததையா அண்ணாச்சி ஏழு வருஷமாச் சொன்னீக? நான் மத்தியான ஜெபக்கூட்டத்தை விட்டுட்டுல்லா வந்தேன்.”

அண்ணாச்சியின் கை காது வரைக்கும் போயிற்று. போய், காதைத் தொடாமலே கீழே இறங்கியது. அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. அவர் ரயில் அட்டைகளைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார்.

“புஸ்தகத்துல அப்படி இருந்தா அப்படித்தான். எந்திரிங்க. பஸ்ஸு இருக்கும்.”

ஷேர் பத்திரங்களை வாங்கிப் பெட்டியில் போட்டார். கடைசியில் என் பக்கம் வந்து தென்காசி லைன் கம்பெனியின் தலைவர் அட்டைக்காகக் கையை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அட்டையைக் கொடுக்கவில்லை. சட்டைக்குள் வைத்திருந்த ரூல் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். திறந்தேன். எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்றுதான் வாசிப்போம். அந்தப் பழக்கமாக இருக்கும்.

“ரூல் நாப்பத்திரெண்டு,” என்றேன்.

நாலு பேரும் திரும்பினார்கள். அண்ணாச்சி மட்டும் நோட்டைப் பார்த்தார். மொத்தம் நாற்பத்தொன்றுதான் என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். நான் திறந்து வைத்திருந்த பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

“இந்தப் புஸ்தகத்தை எழுதுனவரு… எழுதுனவரு இந்த ஊருக்கு வந்து, இந்த நாற்காலியில உக்காந்து, மலையக் குடைஞ்சு மகாராஜபுரத்துக்கு ஒரு ரயில் விட்டுக் காட்டணும். அதுவரைக்கும் இந்த மேஜையில இந்த நோட்டுதான் செல்லும்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஏழு வருஷத்தில் நான் அங்கே பேசியதை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

“எங்க, அந்த நோட்டைக் குடுங்க பாப்போம்,” என்று மாப்பிள்ளை கையை நீட்டினார்.

அதற்குள் அண்ணாச்சி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைச் சரிசெய்து, அந்த வெற்றுத் தாளில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போனார். கீழே வந்ததும் நிறுத்தினார்.

“சரியாத்தான் இருக்கு. ஆனா அரைகுறையா வாசிக்கக் கூடாதுலே. பியையும் வாசி.”

நோட்டு அவரிடம் இருந்தது. நான் எதைப் பார்த்து வாசிக்க? என் கை என் காதைப் பிடித்திருந்தது.

“பி. புஸ்தகத்தைப் பிரிச்சவருதான் அன்னிக்கு டீ போடணும்.”

மாப்பிள்ளை தன் பட்டு வேட்டியைப் பார்த்துக்கொண்டார். கோயில்பிள்ளை, “எழுதியிருக்குதே,” என்றார். அவர் நிஜமாகவே நம்பிவிட்டாரா, இல்லை சாயங்கால பஸ்ஸுக்கு முன்னால் ஊருக்குப் போக அவருக்கும் மனமில்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

முதலாளி மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு அட்டையில் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

“அடப் போங்கய்யா! தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைய அடுப்படிக்கு அனுப்புனேன்னு தெரிஞ்சா எம் பொண்டாட்டி என்னைய உரிச்சு உப்புத் தடவிருவா. நவுருங்க. நானே போடுதேன். மாப்ள, உங்களுக்குச் சர்க்கரை எம்புட்டு?”

“கம்மியா மாமா.”

“அந்தப் புஸ்தகத்தைப் பெட்டிக்குள்ள வையுங்க. கையைக் கழுவிட்டு உக்காருங்க.”

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி அடுக்கிய ரயில்களை மறுபடி ஒவ்வொன்றாக அட்டையில் அந்தந்த இடத்திலேயே வைத்தார். ஒன்றுகூட இடம் மாறவில்லை. பிறகு என் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். பையிலிருந்த இரண்டு பேனாவும் எழுதவில்லை. மாப்பிள்ளையிடம் பேனா வாங்கி, இரண்டாம் ரூலின் மேல் ஒரு கோடு போட்டார்.

“நாலாவது ஆள் பேசலாம்,” என்றார். கொஞ்சம் யோசித்தார். “பி. ரொம்பப் பேசக் கூடாது.”

நான் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து முதலாளி தொண்டையைச் செருமினார்.

“பயணிகள் கவனத்திற்கு! மகாராஜபுரம் போற வண்டி, டீ கொதிச்சதும் கிளம்பும்!”